ஐந்து வயதுக் கை

ஐந்து வயதுக் குழந்தையின் கை எக்ஸ்ரேயை முதன்முதலாகப் பார்க்கும் பெற்றோர் திடுக்கிடுவது உண்டு. விரல் எலும்புகள் வரிசையாகத் தெரியும். முன்கையின் இரண்டு எலும்புகளும் தெரியும். நடுவே, மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில், சில சிறு துண்டுகள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் மிதந்துகொண்டிருக்கும். மிச்ச இடம் காலி.

பயப்பட ஒன்றுமில்லை. பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவற்றில் ஒன்றுகூட எலும்பாக இருப்பதில்லை. எட்டும் குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் அது விழாது. பிறந்த சில மாதங்களில் இரண்டு எலும்பாகத் தொடங்கும். இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் இன்னும் இரண்டு. நான்கு முதல் ஆறு வயதுவரை மேலும் மூன்று, பெருவிரல் பக்கத்தில் உள்ளவை. பென்சிலைப் பிடித்துத் திருப்பும்போது பாரம் தாங்குவது அந்தப் பக்கம்தான். கடைசியாக வரும் பட்டாணி அளவுள்ள எட்டாவது எலும்பு பல பிள்ளைகளுக்கு எட்டு வயதுக்கு மேல், சிலருக்குப் பத்தையும் தாண்டித்தான் தெரியத் தொடங்கும். பெண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் முந்தும், ஆண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் பிந்தும். ஒரு குழந்தையின் எலும்பு வயதைக் கணிக்க மருத்துவர்கள் இடது கையைப் படமெடுப்பதும் இந்த வரிசையை நம்பித்தான்.

இந்தக் கையில்தான் நாம் பென்சிலைக் கொடுத்து, நாலு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் நிரப்பச் சொல்கிறோம்.

குமரி மாவட்டத்துச் சிதறால் மலையடிவாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி ஒரு போராட்டம் நடந்தது. மகளை மார்த்தாண்டத்துப் பள்ளிக்கு வேனில் அனுப்ப மனமில்லாமல், ஒன்றாம் வகுப்பில் சேரும்வரை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று அவளுடைய அம்மா முடிவெடுத்தார். சட்டப்படி இதில் தவறேதும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பேசுவது 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றி; அதற்குமுன் எல்.கே.ஜி., யு.கே.ஜி. படித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே சின்ன மேசை வந்தது, நாற்காலி வந்தது, சுவரில் எழுத்துப் படம் ஏறியது, பயிற்சிப் புத்தகங்கள் அடுக்கப்பட்டன. காலை ஒன்பதரைக்கு வகுப்பு என்று ஏற்பாடு.

முதல் நாள் பிள்ளை உட்கார்ந்தாள். மேசை புதிது அல்லவா. அடுத்த நாள் தண்ணீர் வேண்டும், மூத்திரம் வருகிறது, கை வலிக்கிறது என்று வரிசையாகக் காரணங்கள். அதற்கடுத்து ஒன்பதரை ஆனதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். "மக்களே, ஒரேயொரு வரி எழுது, போதும்" என்று அம்மா குனிந்து கெஞ்சியபோது அங்கிருந்து பதில் வந்தது: "நீ டீச்சர் இல்ல. எனக்க அம்மை."

இதை அடம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அந்த வாக்கியம் வீட்டுக் கல்வியின் மையச் சிக்கலைத் துல்லியமாகச் சொல்வதாகப் பட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழந்தைக்கு இடம் மாறுகிறது, ஆள் மாறுகிறது, சுற்றிலும் மற்ற பிள்ளைகள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிறது. அழுதாலும் எங்கே இருக்கிறோம் என்பதில் அதற்குக் குழப்பமில்லை. வீட்டில் எதுவுமே மாறுவதில்லை, அம்மாவின் முகம் மட்டும் ஒன்பதரை மணிக்கு மாறுகிறது. நேற்றுவரை தவறு செய்தால் சிரித்தவர் இன்று தவறை அழிக்கச் சொல்கிறார். ஐந்து வயது மூளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்த மூளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2014இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மானுடவியலாளர் கிறிஸ்டோபர் குசாவாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மூளை எவ்வளவு குளுக்கோஸ் எரிக்கிறது என்பதைப் பிறப்பிலிருந்து வயதுவாரியாக அளந்து, உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டார்கள். வாழ்நாளிலேயே மூளை அதிகமாகச் சாப்பிடும் காலம் ஏறக்குறைய ஐந்து வயது. அப்போது உடல் செலவிடும் மொத்த ஆற்றலில் சுமார் 43 விழுக்காட்டை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. சும்மா இருக்கும்போது உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலோடு ஒப்பிட்டால், மூளையின் பங்கு மூன்றில் இரண்டு. பெரியவர்களுக்கு இது ஐந்தில் ஒன்றுதான். வீட்டுக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஆள் கேட்டால் மற்ற செலவுகளைத் தள்ளிப்போடத்தானே வேண்டும்? உடலும் அதைத்தான் செய்கிறது. மூளை உச்சமாகச் செலவழிக்கும் அதே ஆண்டுகளில் உடலின் வளர்ச்சி மிக மெதுவாகிவிடுகிறது. மனிதக் குழந்தைப் பருவம் ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கு இது ஒரு விடை.

இவ்வளவு ஆற்றலையும் வைத்து மூளை என்ன செய்கிறது? நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கு மிஞ்சிய இணைப்புகளைப் போட்டு, பயன்படுபவற்றை வலுவாக்கி, பயன்படாதவற்றைக் கழித்துக்கொண்டிருக்கிறது. எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் இதை முடிப்பதில்லை. பார்வை, கேட்டல் தொடர்பான பகுதிகள் முந்திக்கொள்ளும். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி கடைசி. அது முதிர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டும். நினைத்ததை அடக்குவது, ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, பிடிக்காததைச் செய்து முடிப்பது ஆகியவற்றுக்குப் பொறுப்பு அந்தப் பகுதிதான். "விளையாட்டை நிறுத்து, மேசைக்கு வா, நேராக உட்கார், கோட்டைத் தாண்டாமல் எழுது" என்ற நான்கு கட்டளைகளும் மூளையில் இன்னும் தயாராகாத அந்த ஓர் இடத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன.

குணமும் உண்டு. 1956இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி, கைக்குழந்தைகளாக இருந்தவர்களைத் தேர்ந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் புதிய எதைக் கண்டாலும் முதலில் பின்வாங்கி, தொலைவில் நின்று பார்த்து, பலமுறை பார்த்த பிறகு மெல்ல ஒட்டிக்கொள்பவர்கள். அவர்களைத் தள்ளினால் இன்னும் பின்னே போகிறார்கள். சும்மா விட்டுப் பக்கத்தில் நடத்தினால் தாமாக வருகிறார்கள். நம் ஊரில் இவர்களுக்குக் 'கூச்சக்காரப் பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டு, வருவோர் போவோர் முன்னால் பாட்டுப் பாடச் சொல்லி வதைப்போம்.

சிதறால் வீட்டில் முதலில் மேசையை எடுத்தார்கள். பாயை விரித்தார்கள். அந்தப் பாய் வேறு எதற்கும் விரிக்கப்படாது. கடிகாரத்தையும் விட்டுவிட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒன்பதரை என்பது வெறும் ஒலி. எதற்குப்பின் எது வரும் என்பதுதான் அதன் காலம். எழுந்ததும் மலையேற்றம், வந்து கஞ்சி, கஞ்சி குடித்ததும் பாய், பாயில் முதலில் கதை, கதைக்குப்பின் கை வேலை, அதோடு சரி. மழையானால் மலைக்குப் பதில் திண்ணை; வரிசை மட்டும் மாறாது. அடுத்து வருவது தெரிந்தால் எதிர்க்க வைக்கும் பயம் பாதி குறைகிறது. அம்மாவும் "எழுதுகிறாயா?" என்று கேட்பதை நிறுத்தினார். அப்படிக் கேட்டால் "மாட்டேன்" என்ற பதில் கையோடு வந்துவிடும். "மணலிலா, சிலேட்டிலா?" என்று கேட்டால் குழந்தை எதையாவது தேர்ந்துகொள்ளும். தேர்ந்தது தான்தான் என்பதால் அதைச் செய்தும் விடும்.

வகுப்பு மொத்தம் இருபது நிமிடம்கூட இருக்காது. போதுமா என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். போதும். முப்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையோடு மட்டும் பேசும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு நாளில் இருபது நிமிடம் தேறாது.

இனி கதையிலிருந்து நடிப்புக்கு வருவோம், ஏனெனில் இந்த வயதில் அடக்கத்தைக் கற்பிக்கும் வாத்தியார் நடிப்புதான். 1948இல் சோவியத் ஆய்வாளர் மனுய்லென்கோ, மழலைகளை அசையாமல் நிற்கச் சொல்லி எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்த்தார். வெறுமனே 'நில்' என்றால் கொஞ்ச நேரம்தான். அதே குழந்தைகளிடம் 'நீ காவல்காரன், மற்றவர்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள், நீ காவல் நிற்கிறாய்' என்று விளையாட்டாக்கியபோது பல மடங்கு நேரம் நின்றார்கள். 2017இல் அமெரிக்காவில் நான்கு வயது, ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் விளையாட ஐபேடையும் வைத்தார்கள். பேட்மேன் போன்ற ஒருவராகத் தம்மைப் பாவித்துக்கொண்ட பிள்ளைகள்தாம் வேலையில் அதிக நேரம் நின்றார்கள். தனக்காக அடக்க முடியாத ஆசையை வேடத்துக்காக அடக்க முடிகிறது. விகோத்ஸ்கி என்ற உளவியலாளர் இதற்கும் முன்பே, விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று கருதினார்.

நம் கதாநாயகிக்குப் பேட்மேன் தேவைப்படவில்லை. மார்த்தாண்டம் பஸ் கண்டக்டர் போதும். பழைய நோட்டைக் கிழித்து டிக்கெட், கழுத்தில் ஒரு பை, வாயில் விசில். பாட்டாவும் அம்மாவும் பயணிகள். டிக்கெட்டில் ஊர் பெயருக்கு ஓர் எழுத்தாவது போட வேண்டும், காசு எண்ணி மீதி தர வேண்டும். சீட்டில் 'சி' போடாவிட்டால் பாட்டா இறங்க மாட்டார். கட்டிலுக்கடியில் ஒளிந்த அதே பிள்ளை ஒரு மணி நேரம் எழுதினாள். எழுதுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. இன்னொரு நாள் அவளே டீச்சர், அம்மா மாணவி. அம்மா வேண்டுமென்றே எழுத்தைத் தப்பாக எழுத, டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு திருத்தினாள். "நீ டீச்சர் இல்ல" என்ற வழக்கு அன்றே சமாதானமானது.

பென்சிலுக்குமுன் மணல். இதில் தமிழர்கள் உலகத்துக்கே ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தினார். ஆசிரியர்கள் சரியில்லை, பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது பெரிய ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயது மாணவன் ஒருவனை வைத்துச் சிறு பிள்ளைகளுக்கு மணலில் சொல்லிக்கொடுக்க வைத்தார். வேலை செய்தது. 1797இல் லண்டனில் அவர் இதைப் புத்தகமாக்க, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது திண்ணைப் பள்ளிக்குப் புதிதில்லை. சட்டாம்பிள்ளை அங்கே எப்போதும் இருந்தவர்தான். வெள்ளைக்காரர் ஒருவர் எழுதிய பிறகே அது 'முறை' ஆயிற்று என்பது தனி வருத்தம்.

குமரி மாவட்டத்தில் இன்றும் விஜயதசமி அன்று பிள்ளைகளுக்கு ஏடு தொடங்குகிறார்கள். தட்டில் பரப்பிய அரிசியில், பெரியவர் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைப்பார். அதைச் சடங்கு என்று முடித்துவிட்டு அடுத்த நாளே பென்சிலைத் திணிப்பதுதான் நாம் செய்யும் அவசரம். விரல், தடை தரும் ஒரு பரப்பில் நகரும்போது தோலும் தசையும் மூட்டும் ஒரே செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. கண் அதைப் பார்க்கிறது. வாய் அந்த ஒலியைச் சொல்கிறது. மணலில் தப்பு தங்குவதில்லை, ஒரு தடவு தடவினால் போய்விடும். அழிரப்பரால் தாள் கிழியும் அவமானம் இல்லை.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தம் முதல் பள்ளியைத் தொடங்கியபோது, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழக வைத்தார். அவர் தமிழகத்தில் நெடுநாள் வாழ்ந்தவர் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939 நவம்பரில் அடையாறு வந்தார். ஏறக்குறைய 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்க, எதிரி நாட்டுக் குடிமக்கள் என்று பிரிட்டிஷ் அரசு அவர் மகன் மரியோவைக் காவலில் வைத்தது, மரியாவையும் கட்டுப்படுத்தியது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள். சின்னஞ்சிறு குழந்தைகளும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளும் கலந்து படித்த அந்த மலைப்பள்ளியில்தான், செடி கொடி, பூச்சி, பாறை, வானம் என்று பிள்ளையின் கண்ணில் படும் எல்லாவற்றையும் பாடமாக்கும் அவருடைய சிந்தனை விரிந்தது.

எழுத்தைக் கற்பதில் கைக்குப் பங்கு உண்டு என்று அவர் உணர்ந்ததற்குப் பிற்காலத்தில் சான்று கிடைத்தது. 2012இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கேரின் ஜேம்ஸ், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளைச் சில எழுத்துகளைக் கையால் எழுதவும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின்மேல் இழுக்கவும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டவும் சொன்னார். பிறகு மூளையைப் படமெடுத்தபடி அதே எழுத்துகளைக் காட்டினார். தானாகக் கையால் எழுதிய எழுத்தைக் கண்டபோதுதான், பிற்காலத்தில் வாசிப்புக்குப் பயன்படும் பகுதிகள் விழித்தன. புள்ளிக்கோட்டின்மேல் இழுத்ததும், விசையைத் தட்டியதும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஒழுங்கில்லாமல், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கோணிக்கொண்டு வரும் குழந்தை எழுத்துதான் மூளைக்கு 'இத்தனை விதமாக வந்தாலும் இது அதே எழுத்து' என்று கற்பிக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கடைகளில் விற்கும் புள்ளிக்கோட்டுப் புத்தகங்களுக்காகக் காசு செலவழிக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எந்த எழுத்தில் தொடங்குவது? அகரவரிசை சொல்வதற்கு வசதி. எழுதுவதற்கு 'அ' மிகக் கடினமான தொடக்கம். சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நிற்கும் கோடு எல்லாம் ஒரே எழுத்தில். குழந்தையின் கை வடிவங்களைக் கற்கும் வரிசை ஏறக்குறைய உலகெங்கும் ஒன்றே: முதலில் நிற்கும் கோடு, கிடைக்கோடு, மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டிச் சதுரம், முக்கோணம். சாய்சதுரம் ஆறு, ஏழு வயதுக்குத்தான். சாய்ந்த கோடு கையைவிட மூளைக்குச் சிரமம். அப்படிப் பார்த்தால் 'ட'வும் 'ப'வும் நேர்க்கோட்டுப் பிள்ளைகள். 'ம'வும் 'ர'வும் அடுத்த படி. இந்த நான்கையும் வைத்தே படம், மரம், பட்டம் என்று சொற்கள் கட்டிவிடலாம், இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் போதும். 'அ' கொஞ்சம் காத்திருக்கட்டும், கோபித்துக்கொள்ளாது.

எழுத்தைத் தலைகீழாக, இடம்வலம் மாற்றி எழுதினால் பதற வேண்டாம். பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான் இதற்குச் சொல்லும் விளக்கம் அழகானது. காட்டில் புலி இடப்பக்கம் பார்த்தாலும் வலப்பக்கம் பார்த்தாலும் புலிதான். அப்படிக் கண்டுகொள்ளும்படிதான் பார்வை மூளை அமைந்திருக்கிறது. எழுத்து தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகள்தாம் ஆகின்றன, அதற்கென்று மூளையில் தனி இடம் கிடையாது. பொருளையும் முகத்தையும் அறியும் பகுதியில் ஒரு பங்கை எடுத்துத்தான் வாசிக்கப் பழகுகிறோம். அதனால் 'ட'வை எந்தப் பக்கம் திருப்பினாலும் 'ட'தான் என்று குழந்தை நினைப்பது அறிவின் குறையே அல்ல. பெரும்பாலான பிள்ளைகளிடம் ஏழு வயது வாக்கில் அது தானாக மறையும்.

கையைத் தயாராக்க அடுக்களையைவிட நல்ல பள்ளி இல்லை. உள்ளி உரிப்பது, பயறிலிருந்து கல் பொறுக்குவது, புளியிலிருந்து கொட்டை எடுப்பது, பூக் கட்டுவது, புட்டுக்கு மாவு விரவுவது, எல்லாமே பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து செய்யும் வேலைகள். பாட்டாவோடு ரப்பர் தோட்டத்துக்குப் போய், மரத்தில் கட்டிய சிரட்டையில் ஒட்டியிருக்கும் காய்ந்த பாலை உரித்து உருட்டுவதில் கிடைக்கும் பயிற்சியைக் களிமண் பாக்கெட் தராது.

எண்ணுக்கும் இதேதான். ஒன்றிலிருந்து இருபதுவரை பாட்டாகச் சொல்லும் மூன்று வயதுக் குழந்தையிடம் 'மூணு கொட்டை எடுத்துத் தா' என்றால் ஒரு பிடி அள்ளித் தரும். எண்ணின் பெயர் வேறு, அளவு வேறு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதுக்குமேல்தான் பிடிபடும். அதுவும் கையில் பொருள் இருந்தால். 2008இல் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற உளவியலாளர்கள் இருவரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒன்று முதல் பத்துவரை கட்டங்கள் உள்ள பலகையில், பதினைந்து நிமிடம் வீதம் நான்கே முறை விளையாடினார்கள். எண்களின் அளவை ஊகிக்கும் திறன் தெளிவாகக் கூடியிருந்தது. நம்மிடம் தாயக்கட்டமும் பதினான்கு குழிப் பல்லாங்குழியும் பரணில் கிடக்கின்றன. விதைக்கு மஞ்சாடி நல்லது. குன்றிமணி வேண்டவே வேண்டாம், கடித்தால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. மலைப்பாதையில் உதிர்ந்து கிடக்கும் பச்சைக் கொல்லாங்கொட்டையையும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், அதன் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொத்துப்போகச் செய்யும்.

அந்த மலைப்பாதைக்கு வருகிறேன். சிதறால் குன்றில் ஏறும் கல்பாவிய வழியும் மேலே பாறைச் சரிவில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது, இது பெண் ஆசிரியர்கள் இருந்த மலை என்பது. திருச்சாரணத்துமலை என்று அழைக்கப்பட்ட இங்கே, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் பட்டாரியார் என்ற பெண் தெய்வத்துக்குப் பொன் அணிகலன் அளித்ததைச் சொல்கிறது. குணந்தாங்கி, அரட்டநேமி படாரரின் மாணவி. குரத்திகள் என்றால் சமண சமயத்தில் கற்பித்த பெண்கள். பதினோரு நூற்றாண்டுக்கு முன் இந்தப் பாறை நிழலில் ஒரு பெண் படித்து, ஆசிரியராகி, தன் பெயரைக் கல்லிலும் பதித்திருக்கிறார்.

ஐந்து வயதுக்கு வரலாறு தேவையில்லை, முக்குடை போதும். 'எந்தச் சாமி தலையில் மூன்று குடை, எந்தச் சாமி தலையில் பாம்பு?' என்று தேடச் சொன்னால் அது கூர்ந்து பார்க்கும் பாடம். பாம்புக் குடை பிடித்தவர் பார்சுவநாதர். பெண் தெய்வமான இயக்கியின் பக்கத்தில் ஒரு சிங்கம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை அடுத்த முறை நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். ஏறும்போது படிகளை எண்ணலாம், இறங்கும்போது சுனையில் கல் போட்டு வட்டங்களைப் பார்க்கலாம். கண்ணுக்கும் இது மருந்து. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரித்து, பாதிப் பள்ளிகளில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்க வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் மற்றப் பிள்ளைகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் இருந்தவர்களில் 30.4. வெளிச்சம் விழித்திரையில் டோபமைனைக் கூட்டி, விழி நீண்டுபோவதைத் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். வீட்டுக்குள் எத்தனை டியூப்லைட் போட்டாலும் அந்த வெளிச்சம் வராது.

மிட்டாய்க் கதை ஒன்று மிச்சம். எழுதினால் சாக்லேட், படித்தால் ஸ்டிக்கர் என்று ஆசை காட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பது. 1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும், படம் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தார்கள். ஒரு பிரிவிடம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரமே வரைந்தார்கள். தானாகப் பிடித்திருந்த வேலை, கூலி வேலையாகிவிட்டது. இதற்காகப் பாராட்டே கூடாது என்றில்லை. 'சமத்து' என்பதைவிட 'இந்தக் கோடு நேராக நிற்கிறதே, எப்படிப் போட்டாய்?' என்று கேட்பது பிள்ளையை இன்னும் கொஞ்சம் போட வைக்கும்.

பிந்திவிடுவாளோ என்ற பயம்தான் அம்மாக்களைப் பிடித்து ஆட்டுகிறது. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் என்பவர், ஐந்து வயதில் வாசிப்புப் பாடம் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார். பதினொரு வயதில் வாசிப்புத் திறனில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. தாமதமாகத் தொடங்கியவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளைக் கதை கேட்டும் பேசியும் விளையாடியும் கழித்தவர்கள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும், டி.வி. முன்னால் உட்கார்ந்தவர்கள் அல்லர். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. ஒன்றாம் வகுப்புக்கே கூடாததை நான்கு வயதுக்கு வீட்டிலேயே தயாரித்துக் கொடுப்பானேன்?

வீட்டில் கற்பிக்கும்போது ஒன்று மட்டும் கிடைக்காது: மற்ற பிள்ளைகள். முறை வைத்து விளையாடவும், தோற்கவும், சண்டை போட்டுச் சேரவும் அம்மாவோடு பழக முடியாது, அம்மா விட்டுக்கொடுத்துவிடுவார். மாலையில் தெருப் பிள்ளைகளோடு விடுங்கள். பக்கத்து அங்கன்வாடிக்குச் சில மணி நேரம் அனுப்புவதால் வீட்டுக் கல்வி தீட்டுப்பட்டுவிடாது. இரவில் நேரத்தோடு படுக்க வையுங்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் வேண்டும். காலை அடத்தில் பாதி, முந்தைய இரவின் கடன்.

வாரக்கணக்கில் இவ்வளவும் செய்தும் பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்கினால், படத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தால், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டால், பேச்சு வயதுக்கேற்பத் தெளியாவிட்டால், அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவும் காது பிரிவும் இருக்கின்றன. பயிற்சிப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் அந்த இரண்டு பரிசோதனைகளையும் முடித்துவிடுங்கள்.